நாலு வருஷம் வாசலிலேயே நின்னவன்!

கொட்டாம்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக நான் ஒரு ரெடிமேட் பதில் வைத்திருக்கிறேன். "திருச்சியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகும்போது துவரங்குறிச்சி தாண்டியதும் தூங்கி, மேலூரில் முழித்துக்கொள்வீர்களே... அந்தத் தூக்கத்துக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர்!"

அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து பி.காம். பட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போனவன் நான். எங்கே தங்கியிருப்பேன் என்று சொல்லணுமா? திருவல்லிக்கேணி மேன்ஷன்தான்! மூணு பேர் ரூமில் நாலாவது ஆள். கட்டில் மூணுதான் என்பதால் தரையில் பாய். ஓர் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். பகலெல்லாம் டெபிட், கிரெடிட். ராத்திரி கொசு.

தினமும் காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும், ராத்திரி மெஸ் தேடி வரும்போதும் திருவல்லிக்கேணி ஹைரோட்டில் ஒரு பிரமாண்டமான கட்டடத்தைத் தாண்டுவேன். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பெரிய மைதானத்துக்கு அப்பால், சாம்பல் நிறக் கல்லில், ரெண்டு ஒல்லியான ஸ்தூபிகளோடு நிற்கும். வாலாஜா பெரிய மசூதி! அந்த வட்டாரத்தில் 'பெரிய பள்ளிவாசல்' என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, நாலு வருஷம். லீவு, தீபாவளி, ஊருக்குப் போன நாளெல்லாம் கழித்தால்கூட ரெண்டாயிரம் தடவையாவது தாண்டியிருப்பேன். உள்ளே போனது எத்தனை தடவை தெரியுமா?

பூஜ்யம்.

வெறுப்பா என்றால், அதெல்லாம் இல்லை சார். தயக்கம். 'நம்மளை உள்ளே விடுவாங்களா? விட்டாலும் எப்படி நிக்கணும், எங்கே உக்காரணும்? தப்பா ஏதாவது பண்ணிட்டா?' இந்த மாதிரி கேள்விகள். பார்த்தசாரதி கோயிலுக்குச் சனிக்கிழமை தவறாமல் போவேன். அங்கிருந்து ரூமுக்கு நடந்து வருகிற வழியில் இது. கேட் திறந்துதான் கிடக்கும். நான்தான் மனசுக்குள்ளே ஒரு கேட் போட்டுப் பூட்டு மாட்டி, சாவியையும் தொலைத்துவிட்டேன்.

* * *

இந்தத் தயக்கத்துக்கு நான் கொடுத்த விலை ரெண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊரிலேயே தெரிந்தது.

எனக்கு ஒரு கூட்டாளி. ஒண்ணாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்ச். அவன் என்னை 'மாப்ளே' என்பான். நான் அவனை 'மாப்ளே' என்பேன். எங்கள் பக்கம் அப்படித்தான். யாருக்கு யார் மச்சான், யார் மாப்பிள்ளை என்று ஜாதி, மதம் பார்த்து முறை வைப்பதில்லை. அவன் அத்தாவை நான் 'மாமா' என்றுதான் கூப்பிடுவேன். மாமாவுக்கு டெய்லர் கடை.

சென்னையில் இண்டர்வியூ என்று லெட்டர் வந்தபோது என்னிடம் உருப்படியாக ஒரு பேண்ட் இல்லை. துணி மட்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மாமா இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி அளவெடுத்தார். ராத்திரியோடு ராத்திரியாக ரெண்டு பேண்ட் தைத்து, காலையில் அயர்ன் பண்ணி பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். தையல் கூலி முந்நூறு ரூபாய்.

"இப்ப கையில இல்ல மாமா..."

"வேலைக்குப் போயி மொத சம்பளம் வாங்குனதும் குடு மாப்ளே. ஓடியா போயிடப் போறே?"

ஓடித்தான் போனேன்! மொத சம்பளம் மேன்ஷன் அட்வான்ஸுக்குப் போச்சு. ரெண்டாவது சம்பளம் எங்கே போச்சு என்று இன்று வரைக்கும் கணக்கில்லை. அப்புறம் ஊருக்கு வரும்போதெல்லாம் கொடுக்க நினைப்பேன். மாமா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். சென்னை வாசம் முடிந்து ஊரோடு வந்து, பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்த பிறகும் அந்த முந்நூறு அப்படியே நின்றது. காமர்ஸ் பாஷையில் இதற்குப் பேர் வராக்கடன்.

மாமா ஒருநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. நெஞ்சு வலி. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கூட்டாளி அபுதாபியிலிருந்து வந்து சேரும்வரை வைத்திருந்து, பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன், பள்ளிவாசல் கேட் வரைக்கும். உள்ளே ஜனாஸா தொழுகை. நான் ரோட்டிலேயே ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. போகலாமா கூடாதா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

எல்லாம் முடிந்து மூணாம் நாள் கூட்டாளி கேட்டான்: "ஏன் மாப்ளே வெளியவே நின்னுட்டே? உள்ள வந்து ஓரமா உக்காந்திருக்கலாம்ல? அத்தாவுக்கு நீ வேத்து ஆளா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

* * *

போன வருஷம் லீவு முடிந்து அவன் அபுதாபி கிளம்பினான். ராத்திரி ஃப்ளைட். வழியனுப்ப நானும் சென்னை வரை போனேன். மத்தியானமே போய் இறங்கிவிட்டோம். பொழுது போகணுமே!

"மெரினா போவமா?" என்றேன்.

"வெயில்ல மண்டை காயும். வா, பெரிய பள்ளிக்குப் போவோம்" என்றான்.

அபுதாபியில் அவன் லீவு நாளில் கூட வேலை பார்ப்பவர்களை ஷேக் சயீத் பெரிய மசூதிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கப்பட்டவன். 2007-ல் திறந்த மசூதி அது. பளிங்கு வெள்ளையில் 82 குவிமாடம். ஒரே நேரத்தில் நாற்பதாயிரம் பேர் வரை தொழலாம். உலகம் பூரா இருந்தும் டூரிஸ்டுகள் வந்து குவிகிறார்கள். எந்த மதம் என்று கேட்பதில்லை. "அங்க அமெரிக்காக்காரன், ஜப்பான்காரன்லாம் வந்து வாயைப் பொளந்து பாத்துட்டுப் போறான். நீ என்னடான்னா திருவல்லிக்கேணியிலயே நாலு வருஷம் கெடந்துட்டு, பாக்கலைங்கிறே!"

மானம் போயிற்று. கிளம்பிவிட்டேன்.

கேட்டைத் தாண்டியதும் முதல் ஆச்சரியம், இடம். திருவல்லிக்கேணியில் ஒரு சைக்கிள் நிறுத்த இடம் கிடைத்தால் அதையே ரூமாக்கி மூணு பேருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஊரில் இவ்வளவு பெரிய காலி மைதானமா! ஹாரன் சத்தம் பத்தடிக்கு ஒருதரம் குறைந்துகொண்டே வருகிறது. மசூதிக்குக் கிட்டே போனபோது புறா சடசடக்கிறது காதில் கேட்டது.

செருப்பைக் கழற்றினோம். கூட்டாளி ஒளு செய்யப் போனான். கை, முகம், கால் எல்லாம் கழுவிச் சுத்தம் செய்துகொள்வது. நானும் சும்மா இருப்பானேன் என்று கால் கழுவினேன். கோயில் குளத்தில் கால் நனைத்துவிட்டு உள்ளே போகிறவனுக்கு இதில் என்ன புதுசு?

வாசலில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கூட்டாளி ஸலாம் சொல்லிவிட்டு, "இவரு நம்ம கூட்டாளிங்க பாய். பள்ளியைப் பாக்கணும்னாரு" என்றான். எனக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி என்ன, பெருச்சாளியே ஓடியது.

பெரியவர் நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. "வாங்க தம்பி. தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கு. நல்லாப் பாருங்க. தொழுவுறவங்களுக்குக் குறுக்கே மட்டும் போவாதீங்க" என்றார்.

அவ்வளவுதான். நாலு வருஷமாக நான் பயந்த பரீட்சை ஒண்ணரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கேள்வித்தாளே கிடையாது!

* * *

கட்டடத்துக்கு வருவோம்.

1795-ல் கட்டி முடித்தது. கட்டியவர்கள் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா குடும்பத்தார். முழுக்க முழுக்க சாம்பல் நிறக் கருங்கல். இரும்பும் கிடையாது, மரமும் கிடையாது என்று சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. எங்கள் மேலூர் பக்கம் கல்லுக்குப் பேர் போனது. மலைகளையே வெட்டி ஏற்றுமதி பண்ணி, 2012-ல் அது பெரிய கேஸாகி ஊரே நாறிப் போனதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆகவே கல்லைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து அமுக்கினால் எவ்வளவு பாரமும் தாங்கும். நீளமாகப் படுக்கப் போட்டு நடுவில் பாரம் வைத்தால் 'டப்'பென்று ஒடிந்துவிடும். நம் கோயில்களில் உத்திரம் எல்லாம் கல். ஒடியக் கூடாது என்றால் கிட்டக் கிட்டத் தூண் வைக்கணும். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண் இருப்பது அழகுக்கு மட்டுமில்லை. தலைக்கு மேல் இருக்கிற கல் கீழே விழாமல் இருக்கவும்தான்!

மசூதிக்காரர்கள் இந்தப் பிரச்னைக்கு வேறு விடை கண்டுபிடித்தார்கள். வளைவு. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்கும். அது அடுத்ததை அமுக்கும். மேலே உள்ள பாரம் ரெண்டு பக்கமும் வழிந்து சுவருக்குள் இறங்கிவிடும். ஒடிகிற வேலையே இல்லை, எல்லாம் அமுக்குகிற வேலைதான். ஆபீஸில் மேனேஜர் சூப்பரின்டெண்டெண்டை அமுக்க, அவர் கிளார்க்கை அமுக்க, கடைசியில் பாரமெல்லாம் பியூன் தலையில் இறங்குமே, அதே டெக்னிக்!

ஜோக் இருக்கட்டும். ஏன் வளைவு வேண்டும்? தொழுகையில் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்கணும். குறுக்கே தூண்கள் அதிகமாக இருந்தால் வரிசை உடையும். ஆகவே பள்ளிவாசல் அகலவாக்கில் விரிகிறது. முன்னால் நிற்பவர் முதலாளி, பின்னால் நிற்பவர் தொழிலாளி என்றெல்லாம் கிடையாது. யார் முன்னால் வந்தாரோ அவர் முன் வரிசை. கட்டடத்தின் அளவையே அந்த வரிசைதான் தீர்மானிக்கிறது.

உள்ளே போனேன். வெளியே கொளுத்துகிற வெயிலுக்கு, உள்ளே கல் ஜில்லென்றிருந்தது. நான் கோயிலுக்குப் போய்ப் பழக்கப்பட்டவன். உள்ளே போகப் போக இருட்டும், நடுவில் விளக்கும், விளக்குக்குப் பின்னால் சாமியும் இருக்கும் என்று கண் தானாகத் தேடுகிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. மேற்குச் சுவரில் ஒரு மாடம். மிஹ்ராப் என்கிறார்கள். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். காலி! மெக்கா இருக்கும் திசையைக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

முதலில் 'என்னடா இது' என்று இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு பிடிபட்டது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஓர் இடத்தை இவ்வளவு நிறைவாகக் கட்ட முடிந்திருக்கிறதே, அதுதான் வித்தை.

* * *

பெரியவர் பின்னாலேயே வந்துவிட்டார். "தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப உங்களுக்குத்தான் ஒண்ணு காட்டணும்" என்று, கல்லில் பொறித்திருந்த பாரசீக எழுத்துகளைக் காட்டினார். மசூதி கட்டிய வருஷத்தைச் சொல்லும் பாட்டு. எழுதியவர் பெயர் ராஜா மக்கன் லால் கிரத்.

"மக்கன் லாலா? முஸ்லிம் பேர் மாதிரி இல்லையே!"

"ஹிந்துதான். நவாபுக்கு செக்ரட்டரி. பார்சியில பெரிய புலவரு."

அதாவது நம்மைப் போல ஓர் ஆபீஸ்காரர்! பைல் பார்த்துக்கொண்டு, லெட்டர் டிராஃப்ட் பண்ணிக்கொண்டு இருந்த ஒரு இந்து. அவர் எழுதிய பாட்டு ஒரு பெரிய மசூதிக்குள்ளே கல்வெட்டாக இருநூற்று முப்பது வருஷமாக இருக்கிறது. நான் ரோட்டில் நின்று 'நம்மளை விடுவாங்களா' என்று யோசித்த நாலு வருஷமும் அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார்!

அடுத்துத்தான் எனக்குள் இருந்த அக்கவுண்டன்ட் எழுந்து உட்கார்ந்தான். அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டாம். 1, 2, 3 என்று ஆரம்பித்து 1000 வரை. கவிஞர் ஒரு வாசகத்தைத் தேர்ந்தெடுப்பார். படித்தால் அர்த்தம் வரும். எழுத்துகளைக் கூட்டினால் வருஷம் வரும். நம் கர்நாடக சங்கீதத்திலும் இதற்கு ஒரு சித்தப்பா மகன் உண்டு. மாயாமாளவகௌளை என்கிற பேரில் 'மா'வுக்கு 5, 'யா'வுக்கு 1. திருப்பிப் போட்டால் 15. அது பதினைந்தாவது மேளகர்த்தா ராகம்.

இங்கே மக்கன் லால் எடுத்துக்கொண்டது மூன்றே சொல். முதல் சொல்லுக்கு அர்த்தம் 'நினைத்தல்'. ரெண்டாவது இறைவன் பெயர். மூன்றாவது 'மிகப் பெரியது'. இறைவனை நினைப்பதே எல்லாவற்றிலும் பெரிது என்று பொருள்.

கூட்டாளி சின்ன வயசில் ஓதப் போனவன். ஒவ்வொரு எழுத்தாக அவன் சொல்ல, அதன் மதிப்பைப் பெரியவர் சொன்னார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நான் எழுதினேன்.

முதல் சொல்: 700 + 20 + 200. மொத்தம் 920.

ரெண்டாவது: 1 + 30 + 30 + 5. மொத்தம் 66.

மூன்றாவது: 1 + 20 + 2 + 200. மொத்தம் 223.

ஆக, 1209. அதாவது ஹிஜ்ரி 1209. நம் கணக்கில் 1794-95. டேலி!

ஆபீஸில் ட்ரையல் பேலன்ஸ் ஒருதரம்கூட முதல் தடவையில் டேலி ஆனதில்லை எனக்கு. இங்கே கால்குலேட்டர் இல்லாமல் ஆகிவிட்டது. "மாப்ளே!" என்று கத்திவிட்டேன். ஓரத்தில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் சிரித்தார்.

* * *

நவாபின் கணக்கு மட்டும் கடைசி வரை டேலி ஆகவில்லை. கடன்! கிழக்கிந்தியக் கம்பெனியின் சண்டைகளுக்கும் தன் ஆடம்பரத்துக்கும் சேர்த்து வாங்கிய கடன், வட்டிக்கு வட்டி போட்டுக் குட்டி போட்டது. கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களே. 'ஆற்காடு நவாபின் கடன்கள்' என்று 1785-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் பேசிய பேச்சு உலகப் பிரசித்தம். கிரெடிட் கார்டு பில்லைக் கண்டு நடுங்கும் நம் இளைஞர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். நம் கடனைப் பற்றி இன்னும் எந்தப் பார்லிமெண்டிலும் பேசவில்லை!

மசூதி முடிந்த அதே 1795-ல் நவாபும் காலமானார். 1801-ல் ராஜ்யத்தின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. 1855-ல் வாரிசு இல்லை என்று நவாப் பட்டமும் போனது. சேப்பாக்கத்தில் 1768-ல் கட்டிய அரண்மனையும் அரசாங்கத்துக்குப் போய், ஆபீஸ்களாகிவிட்டது. தனக்காகக் கட்டியது எல்லாம் போன பிறகு, ஊருக்காகக் கட்டியது மட்டும் தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கிறது.

மசூதி வளாகத்திலேயே காயிதே மில்லத் முகமது இஸ்மாயிலின் அடக்கஸ்தலமும் இருக்கிறது. 1972-ல் மறைந்தவர். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்கு தேசிய மொழி அந்தஸ்து கேட்டு வாதாடியவர். திருவல்லிக்கேணி ஹைரோட்டுக்கு இன்று அவர் பெயர்தான். நாலு வருஷம் என் மணியார்டர் விலாசத்தில் எழுதிய பெயர், முப்பதடி தூரத்தில் இருப்பவருடையது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்!

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். ரம்ஜான் மாதத்தில் தினமும் இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோன்பு திறக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள். பெரும்பாலும் சிந்தி இந்துக்கள். 1947 பிரிவினையில் சிந்துவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தாதா ரத்தன்சந்த் ஆரம்பித்த அமைப்பு அது. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தக் கைங்கரியம் நடக்கிறது. மதத்தின் பேரால் வீட்டை இழந்து வந்தவர்கள், மசூதிக்கு வந்து சோறு போடுகிறார்கள். இதற்கு எந்த லெட்ஜரில் என்ட்ரி போடுவது? எனக்குத் தெரிந்த காமர்ஸில் இடமில்லை.

* * *

அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். பழக்க தோஷம்! கூட்டாளி கையைப் பிடித்து, ஓரத்தில் ஒரு தூணடியைக் காட்டினான். "இங்கன உக்காரு. நான் வந்துர்றேன்."

உட்கார்ந்தேன். வரிசை கட்டினார்கள். ஆட்டோ டிரைவர் காக்கிச் சட்டையோடு ஒருவர், டை கட்டிய மெடிக்கல் ரெப் ஒருவர், நடுவில் என் கூட்டாளி. எல்லோரும் ஒரே சமயத்தில் குனிந்து, ஒரே சமயத்தில் நெற்றியைத் தரையில் வைத்தார்கள். கட்டடம் எதற்காக அகலமாக இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. எங்கள் ஊர் வேப்ப மரத்தடியில் நின்றபோது உள்ளே இதுதான் நடந்திருக்கும். மாமாவை முன்னால் வைத்து, இப்படித்தான் வரிசை கட்டி நின்றிருப்பார்கள்.

தொழுதுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாப்ளே, அத்தாவுக்கு நான் முந்நூறு ரூபா தரணும்டா. தையல் கூலி. இப்பத் தந்துர்றேன்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். "மவுத்தானவங்க கணக்கை நாங்க மொதல்ல முடிக்கணும். குடுக்க வேண்டியது, வாங்க வேண்டியது எல்லாம். அதனால அத்தா நோட்டை வரி விடாமப் பாத்தேன். ஊர்ல யாரு யாரு பாக்கின்னு எட்டணா சுத்தமா எழுதி வெச்சிருந்தாரு. ஒரு கைலி ஓரம் அடிச்ச காசுகூட இருந்துச்சு."

"என்னுது?"

"ஒம் பேரே இல்ல மாப்ளே. அவரு அதைக் கடன்னே எழுதல."

பி.காம்.மில் வராக்கடன் படித்தேன். தள்ளுபடி படித்தேன். முதலிலிருந்தே எழுதாத கடனைப் பற்றி எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். கல் நல்ல குளிர்ச்சி. கண்ணில் தூசி விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.

* * *

ஊருக்குத் திரும்பி வருகிற வழியில் மதுரையைப் புதுசாகப் பார்த்தேன். கோரிப்பாளையம் சிக்னலில் சிவப்பு விளக்கைத் திட்டிக்கொண்டு எத்தனை தடவை நின்றிருக்கிறேன்! பக்கத்திலேயே தர்கா. பாண்டிய மன்னன் அதற்கு விட்ட கிராமங்களை, பிற்காலத்தில் 1573-ல் வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் காஜிமார் பெரிய பள்ளிவாசல். பாண்டியர் காலத்தில், 13-ம் நூற்றாண்டில் உண்டானது என்பது மதுரைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் சரித்திரம். ராமநாதபுரம் தாண்டிக் கீழக்கரை போனால், வள்ளல் சீதக்காதி பேரோடு சேர்ந்த கல் பள்ளிவாசல். தூண், பொதிகை எல்லாம் நம் கோயில் ஸ்தபதி வேலைப்பாடு. சிலை மட்டும் இருக்காது. பூவும் கொடியும் இருக்கும்.

இனிமேல் போகிறவர்களுக்கு, அனுபவஸ்தன் என்கிற முறையில் நாலு வார்த்தை. தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். முக்கியமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம். அரை டிராயர் வேண்டாம். வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தொழுபவருக்குக் குறுக்கே போகாதீர்கள். அனுமதி இல்லாமல் செல்போனைத் தூக்காதீர்கள். செருப்பை எங்கே விட்டோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது எல்லா மதத்துக்கும் பொது!

இந்த ரம்ஜானுக்கு எங்கள் ஊரில் ஒரு சின்ன மாறுதல். வழக்கமாக நோன்புக் கஞ்சி கூட்டாளி வீட்டிலிருந்து தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கு வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். இந்தத் தடவை நானே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். வேப்ப மரத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, உள்ளே.

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் மாமா கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, இன்னைக்கு நீயே வந்துட்டே? இத்தினி வருஷமா எங்கப்பா போயிருந்தே?"

"வாசல்லதான் மாமா இருந்தேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தூக்குவாளி நிறைய ஊற்றினார்.